ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வருமா? பழனி மலையில் பாதையில்லாத ஐப்பசி நடை

கேள்வி, அக்டோபர் 8

"மலையில் வழி தவறினால் பதற வேண்டியதில்லை. ஏதாவது ஓர் ஓடையைப் பிடித்து இறங்கிக்கொண்டே இருந்தால் போதும். ஓடை ஆற்றில் சேரும், ஆற்றோரம் ஊர் இருக்கும். இந்த மாதக் கடைசியில் கொடைக்கானலுக்கு மேற்கே, பாதை இல்லாத புல்வெளியில் இரண்டு நாள் நடக்கத் திட்டம். ஓடை முறை போதும்தானே?"

அக்டோபர் 8, இரவு

போதாது.

பழனி மலையின் மேல்பகுதி ஒரு மேட்டுநிலம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே அலையலையாகப் புல்வெளி, மடிப்புகளில் சோலை என்கிற அடர்ந்த குளிர்காடு. தெற்கு ஓரத்துக்கு வந்தால் நிலம் சட்டென்று முடிந்துவிடும். கீழே பெரியகுளம் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. இவ்வளவு உயரத்தையும் மலை சில கிலோமீட்டருக்குள் தீர்த்துவிடுகிறது.

மேலே ஓடை பரம சாது. கணுக்கால் தண்ணீர், இரண்டு பக்கமும் சதுப்பு, அடியில் கூழாங்கல் எண்ணலாம். அதை நம்பிச் சோலைக்குள் நுழைந்தால் கல் பாறையாகும், பாறையில் பாசி ஏறும். இடுப்பளவுக்கு ஒரு படி வரும், உட்கார்ந்து சறுக்கிவிடுவீர்கள். அடுத்தது ஓர் ஆள் உயரம். அதிலும் எப்படியோ இறங்கிவிடலாம், ஆனால் திரும்ப ஏற முடியாது. ஈரப்பாறையில் கைக்குப் பிடி கிடைக்காது. அதற்கடுத்த படி எவ்வளவு ஆழம் என்பது அதன் விளிம்பில் நிற்கும்போதுதான் தெரியும், ஏனென்றால் சோலை விளிம்புவரை மூடிக்கொண்டு போகிறது. வத்தலக்குண்டு மலைச்சாலையில் டம்டம் பாறையிலிருந்து எதிரே ஒரு வெள்ளைக் கோடு தெரியுமே, தலையாறு அருவி, எலிவால் என்றும் சொல்வார்கள். 297 மீட்டர். அதன் தலைக்கு மேலே ஓடுவதும் ஓர் ஓடைதான்.

வனத்துறையில் வாச்சராக (காவலராக) இருந்த எங்கள் மாமா ஒருவர் சொல்வது: "தண்ணிக்கு முட்டி கிடையாது மாப்ளே. அது விழுந்துட்டு எந்திரிச்சுப் போயிரும்."

அக்டோபர் 9

காலையில் இன்னொருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். பேரிஜம் ஏரித் தண்ணீர்தானே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது, அப்புறம் ஓடை ஊருக்குப் போகாது என்று எப்படிச் சொல்லலாம் என்கிறார். தண்ணீர் போய்ச் சேரும் ஐயா. நான் சொல்வது நம்மைப் பற்றி.

சரி, என்ன செய்வது என்று கேட்டால், மேலே ஏற வேண்டும். சோலையை விட்டுப் புல்லுக்கு, புல்லிலிருந்து மேட்டு முதுகுக்கு. மூச்சு வாங்கும், மனசும் கேட்காது. வழி தெரியாதவனுக்குக் கால் தானாகவே பள்ளத்தைத்தான் தேடும். ஆனால் முதுகில்தான் நாலு பக்கமும் பார்க்கலாம், வானம் திறந்திருப்பதால் ஜிபிஎஸ் சரியாக வேலை செய்யும், பல இடங்களில் போன் சிக்னலும் ஒரு கோடாவது எட்டிப் பார்க்கும். தேடி வருபவர் கண்ணிலும் அங்கேதான் படுவோம்.

அக்டோபர் 9, மாலை

"மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் முதுகிலும் ஒன்றும் தெரியாதே?" நல்ல கேள்வி.

கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். முதுகில் நிற்கிறோமா என்பதற்குச் சோதனை எளிது: இடப்பக்கம் பத்து அடி போனால் சரிய வேண்டும், வலப்பக்கம் பத்து அடி போனாலும் சரிய வேண்டும். இரண்டும் சரிந்தால் முதுகு. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் நீங்கள் சரிவில் நிற்கிறீர்கள், ஏறுகிற பக்கம் போங்கள். மஞ்சில் நான் முதுகை விட்டு இறங்குவதில்லை. வளைந்து வளைந்து போகும், தூரம் கூடும். கூடட்டும்.

கிளைமுதுகு பிரிகிற இடம்தான் ஆபத்து. பெரிய முதுகு லேசாகத் திரும்பும்போது சின்னக் கிளை ஒன்று நேராகப் போகும். கால் நேராகத்தான் போக ஆசைப்படும். அந்தக் கிளை கொஞ்ச தூரத்தில் மூக்காக முடிந்து இரண்டு ஓடைக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே கிளம்பும் முன்னாலேயே வரைபடத்தில் பிரிவுகளைப் பார்த்து, "இரண்டாவது மேடு தாண்டியதும் வலது" என்று ஒரு தாளில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சில் நல்ல அடையாளம் காட்டுப்பூவரசு. சிவப்புப் பூ பூக்குமே, அதுதான். புல்வெளியில் தனித்தனியாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம் என்பதால் போகும்போதே திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டால், வரும்போது "இந்தக் கூனன் நமக்கு வலப்பக்கம் இருந்தான்" என்று தெரியும். திரும்பிப் பார்ப்பது முக்கியம். போகிற மலையும் வருகிற மலையும் ஒன்றல்ல.

அக்டோபர் 11

காலத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை.

மலை நடைக்கு இலையுதிர் காலம்தான் சிறந்தது என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். இமயமலைக்கு அது சரி. அங்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் விலகிவிடும், அக்டோபரில் வானம் கழுவி விட்டதுபோல இருக்கும். பழனி மலை கணக்கே வேறு. தென்மேற்கு மழையை மேற்கே ஆனைமலை, மூணாறுப் பக்கம் வாங்கிக்கொள்ள, நமக்கு மிச்சம்தான் வரும். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஐப்பசி அடைமழை என்பது இந்த மலைக்கு அச்சாகப் பொருந்தும். வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் இங்கே மூன்று நாள் சூரியனைப் பார்க்க முடியாது.

ஆகவே "அக்டோபர் கடைசி" என்று நாள் குறித்துவிட்டு வராதீர்கள். மழைக்கு நடுவே இடைவெளி விழும், இரண்டு மூன்று நாள் வெளுப்பாக இருக்கும். அப்போது வாருங்கள். மழை கழுவிய காற்றில் வைகை அணை வரை பளிச்சென்று தெரிகிற காலையும் இந்த மாதத்தில்தான் வரும், அதை மறுக்கவில்லை.

தினசரிக் கணக்கு ஒன்று உண்டு. வெயில் ஏறச் சரிவு சூடாகிக் காற்று கீழிருந்து மேலே ஏறும். அதோடு மஞ்சும் ஏறும். தெற்கு விளிம்பில் பத்து பதினொரு மணிக்கே திரை விழுந்துவிடும் நாள்கள் உண்டு. விளிம்பையொட்டிய வேலையைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் உள்பக்கம் வந்துவிட வேண்டும்.

அக்டோபர் 11, சற்று முன் எழுதியதோடு

மேலே ஏறு என்று சொன்னேனே, அதற்கு இரண்டு விலக்கு உண்டு. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே உயிர் போகிற விஷயம், தள்ளிப்போடக் கூடாது.

ஒன்று இடி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் பிற்பகல் இடி சகஜம். முதுகில் மொட்டைப் புல்லில் நிற்கும் உயரமான பொருள் நாம்தான். இடி கேட்டதும் முதுகை விட்டுக் கொஞ்சம் இறங்கிச் சரிவில் பதுங்க வேண்டும். தனி மரத்தடி வேண்டாம், ஓடைக்குள்ளும் வேண்டாம்.

இரண்டாவது தீ. இந்த மாதத்துக்குத் தேவையில்லை, ஆனால் இதைப் பங்குனியில் யாராவது படிக்கலாம். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதன் ஏறுகிற வேகத்தை அது சுலபமாகத் தாண்டிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடையாளர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை மறக்க முடியுமா? இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது.

அக்டோபர் 12

காட்டுமாட்டுத் தடத்தைப் பாதை என்று நம்பி நடந்ததாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாவம். நம்பாதவர் யார்? கொடைக்கானல் சுற்றுவட்டாரத்தில் மனிதன் போட்ட பாதையைவிட காட்டுமாடு போட்டதுதான் அகலமாக, சுத்தமாக இருக்கும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க நிமிர்ந்து பார்க்க வேண்டும். மாட்டுத் தடத்தில் நம் தோள் உயரம் வரை கிளை விலகியிருக்கும், முகத்துக்கு நேராக முள் தொங்கும். மனிதர் நடக்கிற தடத்தில் முகத்தில் அடிக்கும் கிளையை யாராவது எப்போதாவது வெட்டியிருப்பார்கள், அரிவாள் வெட்டு சாய்வாகத் தெரியும். பழைய வெட்டு கறுத்திருக்கும், புதியது வெளுத்திருக்கும். பன்றித் தடமானால் முட்டி உயரத்துக்குக் குகை மாதிரி போகும், அதில் நுழையவே வேண்டாம்.

இன்னொன்று, தடம் முடிகிற விதம். மாட்டுத் தடம் ஒரு சதுப்பில் போய் விசிறியாகப் பிரிந்து காணாமல் போகும், ஏனென்றால் அதற்கு வேண்டியது புல்லும் தண்ணீரும். மனிதத் தடம் ஓடையைத் தாண்டி எதிர்ப்பக்கமும் தொடரும். தாண்டுகிற இடத்தில் கால் வைக்க ஒரு கல்லாவது நகர்த்திப் போட்டிருப்பார்கள்.

ஆனால் சமமாகச் சரிவைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் மாட்டுத் தடம்தான் சொர்க்கம். ஏற்ற இறக்கம் இல்லாமல் சோலை ஓரமாகவே போகும். பயன்படுத்திக்கொள்ளலாம், எங்கே விட வேண்டும் என்பது தெரிந்தால். வளைவுகளில் சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். பாதையின் சொந்தக்காரர் எதிரே வரலாம்.

அக்டோபர் 12, இரவு

அட்டைக்கு என்ன மருந்து என்று நாலு பேர். உப்பு, புகையிலை, அவ்வளவுதான். உப்பை மெல்லிய துணியில் முடிந்து குச்சி முனையில் கட்டிக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும். புல்வெளியில் அட்டை குறைவு, சோலையில்தான் விருந்து. ஓடையைப் பிடித்து இறங்க வேண்டாம் என்பதற்கு இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 15

மதிகெட்டான் சோலைக்குள் போனால் புத்தி பேதலித்துச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள் என்று பேரிஜம் பக்கம் சொல்வது உண்டு. அங்கே ஒரு மூலிகையை மிதித்தால் அப்படி ஆகும் என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்கிறார்.

மூலிகையை நம்பவில்லை, சுற்றுவதை நம்புகிறேன். 2009-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக் குழு ஆள்களைக் காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் வைத்து அவர்கள் போன தடத்தை வரைந்து பார்த்தது. சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் வட்டம் போட்டார்கள், தங்கள் பழைய தடத்தையே குறுக்கே வெட்டிக்கொண்டும் நேராகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்ற காரணமும் தேறவில்லை. ஒரே ஆள் சில நேரம் இடப்பக்கம் வளைந்தார், சில நேரம் வலப்பக்கம். நம் சோலையில் நட்ட நடுப்பகலிலும் சூரியன் தெரியாது. மூலிகையே தேவையில்லை.

மாமா சோலைக்குள் போகும்போது பெரணி இலைகளை மடக்கித் திருப்பி வைத்துக்கொண்டே போவார். அடிப்பக்கம் வெளிறிப்போய் இருக்கும், அந்தப் பச்சைக்குள் தனியாகத் தெரியும். கத்தியால் மரத்தைக் கொத்துவதைவிட இது மேல், இரண்டு நாளில் மறைந்தும் போய்விடும்.

அக்டோபர் 16

திசைகாட்டி. வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த ஒன்றை வாங்கி வந்து, ஊசி தட்டுத் தடுமாறுகிறது, போலிச் சரக்கு என்று திட்டுகிற நண்பருக்கு: சரக்கு நல்லதுதான், ஊர்தான் வேறு.

பூமியின் காந்தப்புலம் ஐரோப்பாவில் தரையை நோக்கி நன்றாகவே சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை ஈடுகட்ட அங்கே விற்கிற ஊசியின் மறுமுனையில் கொஞ்சம் எடை வைப்பார்கள். நம் ஊரில் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே கிடக்கிறது. காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பக்கத்திலேயே போகிறது. 1963-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விடத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஆக, அந்த எடை இங்கே வேண்டாத எடை. ஊசி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணாடியில் உரசும். இந்தப் பகுதிக்கென்று சமன் செய்ததையோ, எல்லா இடத்துக்கும் பொதுவான ஊசி வைத்ததையோ கேட்டு வாங்குங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கம் வித்தியாசம் ஓரிரு பாகைதான். நடக்கிற ஆள் அதை மறந்துவிடலாம்.

போன் ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அருமையான கருவி. ஆனால் மழையில் நனைந்த திரை விரலுக்குப் பேசாது, அடர்ந்த சோலைக்குள் புள்ளி அங்குமிங்கும் தாவும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனை உள்சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, திரையில் "நேர்கோட்டில் 800 மீட்டர்" என்று வரும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடப்பதை அது சொல்லாது.

அக்டோபர் 16, பின்குறிப்பு

காகித வரைபடம் பிடிக்கும் கூட்டத்துக்கு ஒரு வேடிக்கை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுத் தாள்களில் கொடைக்கானல் 58 எஃப் கட்டத்தில் வருகிறது. தாள்கள் கால் பாகைக்கு ஒன்றாக வெட்டியவை. 10 பாகை 15 நிமிட அட்சரேகையும் 77 பாகை 30 நிமிடத் தீர்க்கரேகையும் ஊருக்குப் பக்கத்திலேயே வெட்டிக்கொள்வதால், ஊர் நாலு தாளின் மூலையில் மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் நடந்தாலும் தாளை விட்டு வெளியே போய்விடுவோம். ஓரங்களை வெட்டி ஒட்டிக்கொள்வதுதான் ஒரே வழி.

அக்டோபர் 19

நேரக் கணக்கு. 1892-ல் நேய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சூத்திரம் சொன்னார்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. அது நல்ல பாதையில், வெறும் தோளோடு நடப்பவருக்கு. மூட்டையோடு நம் புல்வெளியில் அதில் பாதி வேகம் வந்தாலே அதிகம். வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம் அடைத்த இடத்தில் ஒரு மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் போகாது. 2018-ல் பூத்துக் காய்ந்த குறிஞ்சிக்கு அடுத்த தலைமுறைச் செடி இப்போது பல சரிவுகளில் இடுப்புக்கு வந்துவிட்டது. படத்தில் "புல்" என்று இருக்கும், நேரில் நீந்த வேண்டும்.

எனக்குத் தெரிந்து இங்கே மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் திசை தவறியவர்கள் அல்லர், நேரம் தவறியவர்கள். நவம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தி நீளாது, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் அன்றைய நடை முடிந்தது என்று வைத்துக்கொள்வேன். மூன்றுக்கு மேல் "அந்த மேட்டைத் தாண்டினால் ரோடு" என்று கிளம்புகிற குழுவோடு நான் போவதில்லை. இதில் எனக்கும் ஒரு நண்பருக்கும் பேச்சுவார்த்தையே கொஞ்ச நாள் நின்றிருந்தது.

இருட்டிவிட்டால் நடக்காதீர்கள். பள்ளத்தின் அடியிலும் தங்காதீர்கள், இரவில் குளிர்காற்று கனத்துக் கீழே வடிந்து அங்கே தேங்கும். அதைவிடக் கொஞ்சம் மேலே, காற்று மறைவில், சரிவில் உட்காருங்கள். கீழே வத்தலக்குண்டில் வியர்க்கும்போது மேலே பத்து டிகிரி இருக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான், நனைந்த பருத்திச் சட்டையோடு உட்கார்ந்தால் பாடம் புரியும். உலர்ந்த கம்பளி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து மூட்டையின் அடியில் வைத்துவிடுங்கள், நடக்கும்போது எடுக்கக் கூடாது.

அக்டோபர் 20

நீலகிரி நண்பர், "உங்கள் ஓடைக் கதை எங்களுக்குப் பொருந்தாது, எங்கள் ஓடைகள் அணையில் போய் முடியும்" என்கிறார். கிழக்கே திரும்பிய ஓடை என்றால் சரி. முக்குருத்தி முதுகில் மஞ்சில் நின்றுகொண்டு எது கிழக்கு என்று சொல்லிவிடுங்கள் பார்ப்போம். அங்கே சில அடி தள்ளி விழுகிற இரண்டு மழைத்துளியில் ஒன்று பைக்காரா, மாயாறு, பவானி வழியாகக் காவிரிக்குப் போகும். மற்றது மேற்குச் சுவரில் குதித்துக் கேரளக் காட்டுக்குள் இறங்கி அரபிக்கடலைப் பார்க்கும். 2,554 மீட்டர் முக்குருத்திச் சிகரத்தின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தவர் யாரும் ஓடையைப் பிடித்து இறங்கு என்று சொல்ல மாட்டார்.

அக்டோபர் 22

கேள்வி கேட்டவருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. நீங்கள் சொன்ன "கொடைக்கானலுக்கு மேற்கே பாதை இல்லாத புல்வெளி" பெரும்பாலும் காப்புக்காடு. 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வேறு. பேரிஜம் போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். கூடாரத்தோடு கண்ட இடத்தில் நுழைவது குற்றம், மாட்டினால் வழக்கு. நான் மேலே எழுதியதெல்லாம் அனுமதியோடு, வனத்துறை ஆளோடு போனபோது பார்த்தவையும், எங்கள் ஊர்ப் பட்டா நிலத்து மேடுகளில் நடந்து தெரிந்துகொண்டவையும்தான்.

2024 அக்டோபரில் அரசு 40 வழிகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறது. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி அதில் ஒன்று. பாதை உள்ள நடைதான், மலைவாழ் மக்கள் வழிகாட்டியாக வருவார்கள். "எனக்குப் பாதை இல்லாததுதான் வேண்டும்" என்று முகம் சுளிக்காதீர்கள். வழிகாட்டியிடம் ஓர் அரைமணி நேரம் உங்களை முன்னால் நடக்க விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நீங்களே முடிவு சொல்லுங்கள், அவர் தலையாட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று பாருங்கள். அடைமழை நாள்களில் வழிகளை மூடிவிடுவார்கள், பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வானம் சரியில்லை. நவம்பர் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் இங்கேயே எழுதுகிறேன்.